ஏழு கிலோவுக்குள் ஓர் அரக்குச் சேலை

1

சென்ற வாரத்தோடு பெட்டிக்கு ஒரு வயது நிறைந்தது. டொரான்டோவுக்கு மேற்கே, மகன் வீட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில், பனிக்கால பூட்ஸுகளுக்கும் குடைகளுக்கும் நடுவே அது நிற்கிறது. சாம்பல் நிறத் துணிப்பெட்டி. இரண்டு சக்கரம். காலியாக இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கீழே. பத்து வருட உத்தரவாதம். வாங்கிய அன்று அந்த அட்டையைப் படித்துவிட்டு, “எனக்கே அவ்வளவு கிடையாது” என்றேன். மகன் கார்த்தி சிரிக்கவில்லை. இந்த நாட்டில் அப்பாக்கள் சாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைகள் டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுகிறார்கள்.

கும்பகோணத்திலிருந்து பேசும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: “சார், பையன பாக்க அமெரிக்கா போறோம், என்ன பெட்டி வாங்கலாம்? எது தாங்கும்?” தாலுகா அலுவலகத்தில் காலம் தள்ளி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பட்டா மாறுதலுக்கு என்னென்ன இணைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டவர்கள் இன்று பெட்டிக்கு யோசனை கேட்பதில் தவறில்லை. எனக்கு விதிமுறைகள் தெரியும். தெரிந்து என்ன ஆயிற்று என்பதுதான் கீழே வருவது.

2

பெட்டி வாங்கியது என் அக்கா தனபாக்கியத்துக்காக. என்னைவிட எட்டு வயது மூத்தவள். குத்தாலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் அவள் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே இருக்கிறாள். உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வரவேண்டும். கோடி என்போம். அண்ணனோ தம்பியோ அதைக் கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் அவளைத் தூக்குவார்கள். கணவன் இறந்தாலும் அவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி உண்டு. உடன்பிறந்தவன் இல்லாதவளுக்குப் பங்காளி வீட்டில் யாராவது போடலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இருந்தும் வராமல் போனால், அது மூன்று தலைமுறைக்குப் பேச்சு.

அத்தான் இறந்தபோது சேதி வந்த அன்றே கிளம்பினேன். திருச்சியில் நடுச்சாமத்தில் இறங்கி விடிவதற்குள் ஊர் போக வேண்டும், கடை திறந்திருக்காது என்று கணக்குப் போட்டு, இங்கேயே ஒரு சேலை வாங்கிப் பெரிய பெட்டியில் வைத்தேன். விமான நிலையத்தில் நான் வந்தேன், பெட்டி வரவில்லை. மற்றவன் என்றால் பெட்டியை விட்டுவிட்டுப் போயிருப்பான். எனக்கு நடைமுறை தெரியுமே! காணாமல் போன பெட்டிக்குப் படிவம் நிரப்பி, நகல் கேட்டு, முத்திரை இல்லை என்று திருப்பிக் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஊர் போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது. பெரியப்பா மகன் அக்காவுக்குக் கோடி போட்டுவிட்டான். மறுநாள் பெட்டி வந்தது, ஒரு சக்கரம் இல்லாமல்.

அக்கா அதற்காக அழவில்லை. சொல்லிக் காட்டினாள். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். “புருசன் போனப்போ எந்தம்பி எங்க இருந்தான்? ஏர்போட்டுல பொட்டிக்கு மனு எழுதிக்கிட்டு நின்னான்!” கல்யாண வீடுகளில் இதைக் கேட்டு என் சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன். வேறென்ன செய்வது?

போன வருடம் அவள் இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதாக அக்கா மகன் குமரேசன் போன் செய்தான். அடுத்த சனிக்கிழமை நான் பெட்டிக் கடைக்குப் போனேன். இந்த முறை கையில் கொண்டுபோகும் பெட்டி. என் கண்ணைவிட்டு அகலாத பெட்டி.

3

கேட்டவர்களுக்காக, கற்றதை எழுதுகிறேன்.

முதலில் காலிப் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். பல விமானங்களில் உள்ளே கொண்டுபோக ஏழு கிலோதான் அனுமதி. பெட்டியே மூன்றரை என்றால் பாதி போய்விட்டது. கூலிக்கு ஆள் வைத்து, அவனையும் நாமே சுமந்த கதை. எனக்குக் குடலிறக்க அறுவை ஆனபின் கனம் தூக்கக் கூடாது என்று உத்தரவு. இருக்கைக்கு மேலே பெட்டி வைக்க யாராவது வாலிபனைப் பார்த்துப் பல்லிளிக்க வேண்டும். கனம் குறைந்தால் இளிப்பும் குறையும்.

இரண்டாவது, ஓடு. கெட்டி ஓட்டுப் பெட்டி கண்ணுக்கு அழகு. மலிவான பிளாஸ்டிக் இந்த ஊர்க் குளிரில் விறைத்து மூலையில் விரிசல் விடும். நல்லதாக இருந்தால் கட்டைவிரலால் அழுத்தும்போது குழிந்து, எடுத்ததும் நிமிரும். ஆனாலும் நெருக்கிப் பிடித்து இண்டு இடுக்கில் செருகத் துணிப்பெட்டிதான் வளைந்து கொடுக்கும். அடர்த்தியான நைலான் எளிதில் கிழியாது. ஜிப்பை மூலையில் வளையும் இடத்தில் இழுத்துப் பாருங்கள். அங்கே சிக்கினால் அது எங்கேயும் சிக்கும். கைப்பிடியை முழுக்க உயர்த்தி ஆட்டுங்கள். ஆடாத கைப்பிடி உலகத்தில் இல்லை. குறைவாக ஆடுவதை வாங்குங்கள்.

சக்கரத்தில்தான் எனக்கும் கார்த்திக்கும் கடையிலேயே தகராறு.

“அப்பா, நாலு வீல் வாங்குங்க. ஒரு விரலால தள்ளிக்கிட்டுப் போகலாம்.”

“ஏர்போர்ட்ல தள்ளலாம்டா. அத்தை வீட்டுத் தெருவுல?”

“தெருவுல யாருப்பா தள்ளப் போறா? கார் வீட்டு வாசலுக்கே போவும்.”

“கார் போறது வாய்க்கா மதகு வரைக்கும். அதுக்கப்புறம் களிமண்ணு. அறுப்பு நேரமா இருந்தா வைக்கோலு வேற. இந்தக் குட்டிச் சக்கரத்துல வைக்கோல் சுத்துச்சுன்னா பெட்டி மாடு மாதிரி படுத்துக்கும்.”

அவன் அந்தத் தெருவைக் கடைசியாகப் பார்த்தது கல்லூரியில் படிக்கும்போது. அவன் நினைவில் அதற்கு யாரோ தார் போட்டிருக்கிறார்கள்.

கடைப் பெண் நடுவில் வந்து, எனக்குப் பொருத்தமானதைச் சொல்ல ஆங்கிலத்தில் சில கேள்விகள் கேட்டாள். வேலைப் பயணமா, விடுமுறையா? இரண்டும் இல்லை என்றேன். குடும்ப நிகழ்ச்சியா? அப்படித்தான். எப்போது கிளம்புகிறீர்கள்? தெரியாது. எத்தனை நாள்? பதினாறு நாள் என்றேன், கருமாதி வரைக்கும் கணக்குப் போட்டு. தேதி தெரியாத நிகழ்ச்சிக்கு இத்தனை துல்லியமாக நாள் சொல்கிறவனை அவள் பார்த்ததில்லை போலும். குழந்தை பிறக்கப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, “வாழ்த்துகள்!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

நன்றி என்றேன். வேறு எந்தப் பதிலும் எனக்கு ஆங்கிலத்தில் வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது.

4

சேலை வாங்க ஸ்கார்பரோவுக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். கார்த்தியிடம் சொல்லவில்லை. கடை வைத்திருந்தவர் யாழ்ப்பாணத்து அம்மாள். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“என்ன மாதிரிச் சீலை பாக்கிறியள் ஐயா?”

“பட்டு. வெயிட் இல்லாததா.”

“ஆருக்கு?”

“எங்க அக்காவுக்கு.”

“ஊர் எது?”

“கும்பகோணம் பக்கம்.”

அவர் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தார். “கும்பகோணத்து ஆள், பட்டுச் சீலை வாங்க ஸ்கார்பரோவுக்கு வந்தனீங்களோ? நாங்களே உங்கட ஊரில இருந்துதானே எடுப்பிக்கிறம்! போகேக்க அங்க வாங்கலாமே?”

“போறப்போ நேரம் இருக்காதும்மா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது. அவரும் கடல் தாண்டி வந்தவர்தானே? மேசை மேலிருந்த சரிகைச் சேலைகளை ஒதுக்கிவிட்டு, உள்ளேயிருந்து நான்கைந்து எடுத்துவந்தார். வயதான, கணவனை இழந்தவளுக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று சந்தன நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தேன். பொதிந்து கொடுக்கும்போது, “பிடிக்காட்டில் மாத்தலாம் ஐயா” என்றவர், சொன்ன பிறகு தானே சங்கடப்பட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டில் என் மனைவி சாரதா இடுப்பில் கை வைத்து நின்றாள். இடுப்பு எலும்பு முறிந்து தகடு வைத்த பிறகு அவள் நிற்பதே ஒரு பிரயத்தனம். கோபம் வந்தால்தான் நிற்கிறாள்.

“உசிரோட இருக்குறவங்களுக்குக் கோடி எடுத்து வைக்கிறது எந்த ஊரு நியாயங்க?”

“முன்னேற்பாடு.”

“தாலுகா ஆபீஸ்ல வெள்ளத்துக்கு மணல் மூட்டை அடுக்குற மாதிரி பேசாதீங்க. நீங்க அடுக்கி என்னைக்கு வெள்ளம் நின்னுச்சு?”

சேலையைப் பெட்டியின் அடியில் வைத்தேன். மேலே நான்கு வேட்டி, சட்டை, மாத்திரை, ஸ்வெட்டர். பெட்டியைக் கதவருகில் நிறுத்தினேன். சாரதா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

5

இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். நினைத்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது.

என் பாஸ்போர்ட் சில மாதங்களில் காலாவதியாக இருந்தது. எல்லா முன்னேற்பாடும் செய்கிறவன் அதை விடுவேனா? உரிய காலத்தில் புதுப்பிக்கக் கொடுத்தேன். பழைய பாஸ்போர்ட்டை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் போட்டோ திரும்பி வந்தது: கண்ணாடியில் வெளிச்சம். வேறு போட்டோ அனுப்பினேன். அதுவும் திரும்பியது: இரண்டு காதும் சமமாகத் தெரியவில்லை. எழுபத்திரண்டு வருடமாக அவை அப்படித்தான் இருக்கின்றன என்று எழுதலாமா என்று யோசித்து, எழுதவில்லை. இணைப்பு சரியில்லை என்று மனுக்களைத் திருப்பிய கை என்னுடையது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தம்பியை எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த நேரம் பார்த்துக் குமரேசன் போன் செய்தான்.

“மாமா, அம்மாவ மயிலாடுதுறை ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். விடியக்காலையில மூச்சு வாங்கிருச்சு. பயப்படாதீங்க.”

“சரிடா.”

“ஆனா ரெடியா இருங்க.”

“சரிடா.”

“ஐஸ் பெட்டிக்காரன்கிட்ட விசாரிச்சேன் மாமா. ரெண்டு நாள் வரைக்கும் தாங்குமாம். நீங்க வர்றதுக்குள்ள…” அவன் நிறுத்திக்கொண்டான். நல்ல பிள்ளை. எனக்காக விசாரித்திருக்கிறான். மாமன் இந்தத் தடவையாவது நேரத்துக்கு வரட்டும் என்று.

அவசரப் பயணத்துக்கு ஒரு வழி உண்டு என்பது எனக்குத் தெரியும். அதற்கான விண்ணப்பத்தில் நெருங்கிய குடும்பம் என்ற இடத்தில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் என்று இருந்தது. அக்கா இல்லை. அதற்குக் கீழே ‘மற்றவர்’ என்றொரு கட்டம். நான் நடக்கப் பழகும்போது இடுப்பிலிருந்து இறக்காமல் சுமந்தவளை அந்தக் கட்டத்தில் போட்டேன். மற்றவருக்காக அவசரம் காட்ட இயலாது என்று பதில் வந்தது. மரியாதையான பதில். குறை சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

ஆக, கதவருகில் பெட்டி தயார். சேலை தயார். சக்கரம், ஜிப், கைப்பிடி எல்லாம் தயார். போக வேண்டிய ஆளுக்குத்தான் தாள் இல்லை. போன் அடித்தால் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

பேத்தி மீராவுக்குப் பதினாறு வயது. தமிழ் பேசுவாள், நாம் மாத்திரை விழுங்குவது மாதிரி. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

“தாத்தா, அத்தைப் பாட்டி எப்ப சாவாங்க?”

கார்த்தி கரண்டியைப் போட்டுவிட்டு, “மீரா!” என்றான்.

“இல்லப்பா. எனக்கு அடுத்த வீக்எண்ட் ஹாக்கி டோர்னமெண்ட். தாத்தா பெட்டி நல்லா லைட்டா இருக்கு. அவங்க சாவுறதுக்கு முன்னாடின்னா நான் எடுத்துட்டுப் போய்ட்டுத் திருப்பி வச்சிருவேன். அதான் கேட்டேன்.”

‘காலமாவது’, ‘தவறிப்போவது’, ‘ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்’ என்று நாங்கள் வைத்திருக்கும் வார்த்தைகள் எதுவும் அவளுக்குத் தெரியாது. யாரும் கற்றுத்தரவில்லை. கார்த்தி அவளைத் திட்டினான். அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மாதமாக அந்த மேசையில் நாங்கள் எல்லாரும் மென்று விழுங்கிக்கொண்டிருந்த கேள்வியைத்தான் பிள்ளை கேட்டது.

6

அக்கா பிழைத்துவிட்டாள். வீட்டுக்குக் கூட்டிவந்த மூன்றாம் நாள் குமரேசனின் போனிலிருந்து வீடியோவில் வந்தாள். முகம் பாதி, மின்விசிறி பாதி.

“டேய் தம்பி. பொட்டி வாங்கி வச்சிருக்கியாமே.”

“யாருக்கா சொன்னது?”

“சாரதாதான். காட்டு பாப்போம்.”

காட்டினேன். “பள்ளிக்கூடப் பை மாதிரில்ல இருக்கு. தொற.” திறந்தேன். “மேல வேட்டி. செரி. கீழ என்ன?” நான் வேட்டியை நீவினேன். “கோடி வச்சிருக்கேல்ல? அதையும் காட்டு. வெக்கப்படாத.”

சாரதா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் சேலையை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். அக்கா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். திரை முழுக்க ஒரு கண்.

“என்னடா இது, சந்தனக் கலரு? நான் இருக்குறதே இந்தக் கலரு. சேல எது, நான் எதுன்னு சனங்களுக்குத் தெரிய வேணாமா? அரக்கு வாங்கு. சின்னக் கரையா இருக்கட்டும்.”

“அரக்கு… நீ வந்து…”

“அத்தான் போயி இத்தன வருசமாச்சு, அவரே கேக்க மாட்டாரு. உனக்கென்ன?” மூச்சு வாங்க நிறுத்தினாள். பக்கத்தில் குமரேசன், “போதும்மா” என்றான். அவள் கையை ஆட்டி அவனை விலக்கினாள். “அது இருக்கட்டும். எப்ப வர்ற?”

அவள் கேட்டதுதான் கேள்வி. அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாரதாவைத் தனியே விட முடியாது. நான் போனால் கார்த்தி லீவு போட்டு வீட்டில் இருக்க வேண்டும். அது அவனால் வருடத்துக்கு ஒரு தடவைதான் முடியும். என் உடம்பும் அதற்கு மேல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக ஒரு தடவை. அந்த ஒரு தடவையை எப்போது எடுப்பது? அவள் இருக்கும்போதா, இல்லாதபோதா? வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கணக்கு நடக்கிறது. பெரும்பாலும் காரியத்துக்குத்தான் டிக்கெட் எடுக்கிறோம். உயிரோடு இருப்பவர்கள் காத்திருப்பார்கள் என்ற நம்பிக்கை, பிணம் காத்திருக்காதே!

புதிய பாஸ்போர்ட் வந்தது. இரண்டு காதுகளோடும்.

“கொஞ்சம் பாப்போம்ப்பா” என்றான் கார்த்தி. “இப்ப அத்தை நல்லாத்தானே இருக்காங்க. இப்பப் போயிட்டு வந்து, அப்புறம் ஒருவேளை…”

வாக்கியத்தை முடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த மாதம் ஒரு வாக்கியமும் முடியவில்லை.

முடித்தது அக்காதான். மறுநாளும் போன். “நான் கண்ண மூடுனப்பறம் நீ வந்து எனக்கு என்ன தெரியப் போவுது? இப்ப வா. கோடிய பீரோல வச்சிட்டுப் போ. குமரேசன் எடுத்துப் போட்டுக்குவான்.”

“நான் போடாம அவன் எப்படிக்கா போடறது? மகன் கோடி போடுற வழக்கம் எங்க இருக்கு?”

“சட்டம் பேசாதடா. ஓங் கையால வச்சது. அவன் கை வெறும் கைதான்.”

அதிகாரப் பகிர்வு என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வோம். விதிப்படி சரியாகத்தான் இருந்தது.

7

யாழ்ப்பாணத்து அம்மாள் மறுபேச்சில்லாமல் சந்தனத்தை வாங்கிக்கொண்டு அரக்கைக் கொடுத்தார். “அவவே சொன்னவவோ?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். முந்தானையைத் தடவிப் பார்த்து, “நல்ல நிறம்” என்றார்.

ஐப்பசியில் போனேன். திருச்சியில் இறங்கி, பெட்டிக்காக யாரிடமும் நிற்காமல் நேரே வெளியே நடந்தேன். அந்த நடை ஒன்றுக்கே அந்தப் பெட்டிக்குக் கொடுத்த விலை தகும். கும்பகோணம் பஸ் நிலையத்தில் குமரேசன் மோட்டார் சைக்கிளோடு நின்றான். நல்ல மழை. நான் ஒரு மாதம் ஆராய்ச்சி செய்த சக்கரங்களை அவன் பார்க்கக்கூட இல்லை. பெட்டியைத் தூக்கிப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துத் தாடையால் அழுத்திக்கொண்டான்.

“கனமே இல்லையே மாமா. உள்ள எதாச்சும் வச்சிருக்கீங்களா?”

“வச்சிருக்கேன்.”

வழியெல்லாம் சம்பா நட்டு, வயல்கள் தண்ணீருக்குள் பச்சையாக நின்றன. வாய்க்கால் மதகில் இருவரும் இறங்கினோம். அதற்கப்புறம் களிமண். கார்த்தியை நினைத்துக்கொண்டேன். பெட்டியைக் குமரேசன் தலையில் வைத்துக்கொண்டான். சக்கரம் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தது.

அக்கா கூடத்தில் கட்டிலில் இருந்தாள். பாதியாகிவிட்டாள். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பெட்டியைக் கிட்டே வைக்கச் சொல்லிக் கைப்பிடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“பரவால்ல, நானே தூக்கிருவேன் போலருக்கு. இந்தத் தடவ மனு எழுதலயே?”

“இல்லக்கா.”

“பொழச்ச.”

பத்து நாள் இருந்தேன். பதினாறு தேவைப்படவில்லை. கட்டிலுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பேசினால் மூச்சு வாங்கும். பேசாவிட்டால் அவளுக்கு உயிர் போய்விடும். ஆகவே பேசினோம். முதல் நாளே சேலையைப் பீரோவின் நடுத்தட்டில் வைத்தேன். “கைல குடுக்காத, அங்கேயே வை” என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அன்று மாலை பீரோவைத் திறக்கச் சொல்லி இருந்த இடத்திலிருந்தே நிறத்தைப் பார்த்தாள். “ம், இது மனுசி கட்டுற சேல” என்றாள்.

எனக்கு மனதுக்குள் ஒரு பெரிய கோப்பை முடித்துக் கட்டிய நிம்மதி. போக வேண்டிய பயணம் போயாயிற்று, வைக்க வேண்டியது வைத்தாயிற்று. இனி எப்போது எது நடந்தாலும் நான் தவறியவன் இல்லை. அதை நினைத்த நிமிடத்திலேயே, அப்படி நினைக்க முடிந்ததே என்று வெட்கப்பட்டு, நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டேன்.

கிளம்பும் நாள் அவள் பிடிவாதமாகக் கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியை மடிமேல் வைக்கச் சொன்னாள்.

“நான் கட்டுறேன். நீ மடிச்சா மூட்டையாயிரும்.”

“முடியாதுக்கா உனக்கு.”

“குமரேசா, மாமாவுக்கு டீ வாங்கிக் குடுத்து மதகு வரைக்கும் கூட்டிட்டுப் போயி காட்டு. தண்ணி நெறையப் போவுது.”

தண்ணீர் நிறையத்தான் போனது. திரும்பி வந்தபோது பெட்டி மூடி, ஜிப் போட்டு, கைப்பிடியில் அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது. என் கைத்தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்தேன். அவள் கொடுத்தனுப்பும் வத்தல், அப்பளம் சேர்த்தே கணக்குப்படி ஏழுதான் இருக்க வேண்டும். ஏழரையைத் தாண்டியது.

“என்னக்கா வச்ச?”

“மொளகா வத்தலும் அப்பளமும். ஒந் தராசு பொய் சொல்லுது.”

பேட்டரி பலவீனம் என்று முடிவு செய்தேன். முப்பது வருட அனுபவசாலியின் முடிவு! வாசலில் நின்று, “வர்றேங்க்கா” என்றேன். “வா” என்றாள். அழுவாள் என்று பயந்திருந்தேன். சிரித்த மாதிரி இருந்தது.

திருச்சி விமான நிலையத்தின் தராசும் அதே பொய்யைச் சொன்னது. நான் ஸ்வெட்டரை எடுத்து அந்தப் புழுக்கத்தில் மாட்டிக்கொண்டு, வியர்த்து வழிய விமானம் ஏறினேன்.

8

இங்கே வந்து பெட்டியைத் திறந்தேன். அப்பளம். வத்தல். வேட்டிகள், என்னால் ஒருக்காலும் மடிக்க முடியாத ஒழுங்கில். எல்லாவற்றுக்கும் அடியில் அரக்குச் சேலை.

சாரதாவைக் கூப்பிட்டேன். அவள் மெதுவாக வந்து பார்த்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள். அக்காவுக்குப் போன் செய்தேன்.

“என்னக்கா இது? சேல இங்க வந்திருக்கு.”

“தெரியும்.”

“பீரோல இருக்கட்டும்னுதானே சொன்ன?”

“சொன்னேன். ரெண்டு நாளு அதப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். அது இங்க இருந்துச்சுன்னா நீ இனிமே எதுக்குடா வரப் போற?”

இதற்கு எந்த விதியில் பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இனி ஒரு பயணம் கிடைக்குமா, என் உடம்பு விடுமா, கார்த்திக்கு லீவு வருமா, அவள்தான் இருப்பாளா, எதுவும் என் கையில் இல்லை. வருகிறேன் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

சேலையைத் திரும்பவும் பெட்டியின் அடியில் வைத்தேன். பெட்டி கதவருகில் நிற்கிறது. சாரதா இப்போது முகத்தைத் திருப்புவதில்லை. போகிற போக்கில் தூசி தட்டுகிறாள். மீரா இரண்டு முறை ஹாக்கிக்கு எடுத்துப்போய்த் திருப்பி வைத்தாள். அப்போதெல்லாம் சேலையை அவள் தன் அறையில் ஒரு தலையணை உறையில் பத்திரமாக வைத்திருந்தாள். கேட்டால் தோளைக் குலுக்கினாள். சக்கரம் நன்றாக இருக்கிறது என்றாள்.

பட்டு ஒரே மடிப்பில் வெகுநாள் கிடந்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். பெட்டி எத்தனை நல்லதாக இருந்தாலும் அதைத் தடுக்காது. கேட்பவர்களுக்கு இதையும் சொல்கிறேன். அதனால் மாதம் ஒரு முறை நாங்கள் அதை வெளியே எடுக்கிறோம். சாரதா சோபாவில் உட்கார்ந்தபடி ஒரு முனை, நான் நின்றபடி மறு முனை. உதறி, பழைய மடிப்பு விழுந்த இடம் நடுவில் வராதபடி புதிதாக மடிக்கிறோம். சென்ற வாரம் மடிக்கும்போது போன் அடித்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முனையை விடாமலே போனை எடுத்துக் காதில் இடுக்கினேன்.

“டேய். மடிப்பு மாத்துனியா?”

“மாத்திக்கிட்டிருக்கோங்க்கா.”

கொஞ்ச நேரம் அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

“செரி. நல்லா நீவி மடி. அவசரமில்ல.”